இருவர் இருந்த படகு



அழைப்பிதழில் என் உரைக்கு ‘கடமை அறமும் பயன் அறமும்’ என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது நான் சொன்னதுதான். எழுத உட்கார்ந்த பிறகுதான் அது பத்து மதிப்பெண் வினாவைப் போல இருப்பது உறைத்தது. ‘ஒப்பிட்டு விளக்குக’ என்பது மட்டும்தான் குறை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படிப்பட்ட வினாத்தாள்களை எடுத்த பாவம், திருத்திய பாவம் இரண்டும் என் கணக்கில் இருக்கின்றன. இன்றாவது அதை விட்டுவிட்டு ஒரு படகிலிருந்து தொடங்குகிறேன். தலைப்பையும் மாற்றிக்கொள்ள அவைத்தலைவர் அனுமதிக்க வேண்டும்.

அந்தப் படகு நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், 81ஆம் பிரிவு. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்கள். நீராவிக் கப்பல் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. மாலுமித் தலைவனின் பிழை ஏதும் இல்லாமலே திடீரென்று ஓர் இக்கட்டு. நேர் எதிரே ஒரு படகு, அதில் இருபது முப்பது பேர். கப்பலை நிறுத்த நேரமில்லை. திருப்பினால் வேறொரு படகின் மேல் மோதக்கூடும். அதில் இருப்பது இரண்டே பேர். மோதாமல் விலகிப் போய்விடவும் வாய்ப்பு உண்டு. தலைவன் திருப்புகிறான். அந்த இருவரை மோத வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை, முதல் படகைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில்தான் திருப்பினான், ஆபத்தும் உண்மையிலேயே அத்தனை பெரியது என்று விசாரணையில் தெரிந்தால் அவன் மேல் குற்றமில்லை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 81 என்ற எண் 19 ஆனது. படகுகள் இடம் மாறவில்லை.

பின்வரிசையில் தத்துவ மாணவர்கள் சிரிப்பது தெரிகிறது. உங்களுக்கு இது டிராம் வண்டிக் கணக்கு. கட்டுப்பாடு இழந்த டிராம், ஒரு தண்டவாளத்தில் ஐந்து தொழிலாளர்கள், இன்னொன்றில் ஒருவர். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பிலிப்பா ஃபுட் 1967இல் ஒரு கட்டுரையின் நடுவே இதைப் போகிற போக்கில் சொன்னார். ஜூடித் ஜார்விஸ் தாம்சன் அதைப் பல கோணங்களில் திருப்பிப் பார்த்தார். இன்று கைப்பேசியில் கேலிப்படமாகச் சுற்றுகிறது. ஃபுட்டின் கட்டுரைக்கு 107 ஆண்டுகளுக்கு முன்பே இதே புதிர் நம் ஊர்ச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருந்தது என்பதை நான் பார்த்த எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. சட்டக் கல்லூரியும் தத்துவத் துறையும் பேசிக்கொள்ளாததன் பலன் இது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வகுப்பில் இந்தக் கப்பல் கதையைச் சொல்லிக் கை தூக்கச் சொல்வேன். திருப்பலாம் என்று ஏறக்குறைய எல்லாக் கையும் உயரும். உடனே அடுத்த கேள்வி. மருத்துவமனையில் ஐந்து பேர் சாகக் கிடக்கிறார்கள். ஒருவருக்கு இதயம் வேண்டும், ஒருவருக்குக் கல்லீரல், மற்றவர்களுக்குச் சிறுநீரகமும் நுரையீரலும். சாதாரணப் பரிசோதனைக்காக ஓர் இளைஞன் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறான். அவனை எடுத்துக்கொள்ளலாமா? கைகள் சட்டென்று இறங்கிவிடும். ஒன்று போய் ஐந்து மிச்சம், கழித்தல் கணக்கு மாறவில்லையே, கை ஏன் இறங்கியது என்று கேட்டால் வகுப்பு விழிக்கும். அந்த விழிப்பில்தான் இந்தப் பாடம் தொடங்குகிறது.

இரண்டு தரப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயல் சரியா தவறா என்பதை அது உண்டாக்கும் விளைவே தீர்மானிக்கும் என்பது ஒரு தரப்பு. லண்டனில் வாழ்ந்த ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில் இன்ப துன்பங்களை அளக்க ஏழு அளவுகோல்களைக் கொடுத்தார்: எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம், எவ்வளவு உறுதி, எத்தனை பேருக்கு என்று போகும். மனிதர் சொன்னபடி வாழ்ந்தவர், சொன்னபடி செத்தவரும்கூட. தன் உடலும் பயன்பட வேண்டும் என்று எழுதிவைத்ததால் 1832இல் அவர் இறந்ததும் உடலை மாணவர்கள் முன் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். எலும்புக்கூட்டுக்கு உடை போட்டு உட்கார வைத்திருப்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்றும் பார்க்கலாம்.

சில செயல்கள் விளைவு எப்படியானாலும் செய்யக் கூடாதவை, சில செய்தே ஆக வேண்டியவை என்பது மறு தரப்பு. கோனிக்ஸ்பெர்க் நகரில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளிக்குப் பிறந்த இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய சிறு நூலில் இதற்கு அடித்தளம் போட்டார். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்பது அதன் சாரம். அந்த நகரம் இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது.

பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. கடமைத் தரப்புக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் ‘டியான்டாலஜி’ என்ற சொல்லை உண்டாக்கியவர் பெந்தம். தன்னுடைய கொள்கைக்காகவே அவர் அதைச் செய்தார். எப்படியோ அது எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. விளைவுத் தரப்புக்கு வழங்கும் ‘கான்சிக்வென்ஷியலிசம்’ என்ற சொல், அதை வெறுத்த தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கம் 1958இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு போட ஆணையிட்ட முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் கொடுப்பதை 1956இல் எழுந்து நின்று எதிர்த்தவர் அவர். ஆக, இரண்டு கட்சியும் எதிராளி வைத்த பெயரில்தான் நடமாடுகின்றன.

நம்மிடம் ‘கடமை’ என்ற சொல்லுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டு விழும். நான் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாட்டு எல்லாருக்கும் தெரியும். தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு, வேந்தனுக்கு என்று பங்கிட்டுவிட்டு, கடைசியில் போர்க்களம் போய் யானையைக் கொன்று திரும்புவதை அந்தப் பையனின் தலையில் வைக்கிறது. சிறந்த பாட்டுதான். ஆனால் அந்தப் பையன் அதில் வாய் திறப்பதில்லை. பிறப்பால் வந்த கடமை, பெண்ணாகப் பிறந்ததால் வந்த கடமை, கணவன் சிதையில் ஏற வேண்டிய கடமை என்று இந்த மண்ணில் கடமை என்ற பெயரால் சுமத்தப்பட்டவற்றை எண்ணிப் பாருங்கள். அந்த இடங்களில் பெந்தத்தின் கேள்வி ஒரு சுத்தியல். இதனால் யாருக்கு நன்மை, யாருக்கு வலி என்று அவர் கேட்டார். விலங்குகளின் வலியையும் அதே கணக்கில் சேர்த்தார். பெரியார் ஒவ்வொரு வழக்கத்தையும் பிடித்து உலுக்கி இதனால் மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்டதும் ஏறக்குறைய அதே சுத்தியல்தான்.

ஆகவே விளைவைப் பார்ப்பவனைக் கல் நெஞ்சன் என்று எண்ண வேண்டாம். விளைவைப் பார்க்க மறுத்தவரும் வழுக்கியிருக்கிறார். காண்ட் தன் 73ஆம் வயதில், 1797இல், பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்ற பிரெஞ்சு எழுத்தாளருக்குப் பதிலாக ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் துரத்த, நண்பன் உங்கள் வீட்டுக்குள் ஓடி ஒளிகிறான். கொலைகாரன் கதவைத் தட்டி ‘உள்ளே இருக்கிறானா’ என்கிறான். பொய் சொல்லலாமா? கூடாது என்றார் காண்ட். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். நீங்கள் இல்லை என்று பொய் சொல்ல, நண்பன் அதற்குள் பின்பக்கமாக வெளியேறியிருக்க, தெருவில் கொலைகாரன் கையில் மாட்டிக்கொண்டால் அந்தச் சாவுக்கு நீங்கள் பொறுப்பு என்கிறார். விளைவைப் பார்க்காதே என்று சொல்ல வந்தவருக்கே ஒரு விளைவு தேவைப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரையில் கிழவர் தோற்றார் என்பதுதான் என் எண்ணம். நாஜி காவலர்களிடம் பொய் சொல்லி யூதர்களை மறைத்து வைத்தவர்களை நினைத்த பிறகு வேறு மாதிரி எண்ண முடியவில்லை. குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யையும் மெய்யின் இடத்தில் வைக்கலாம் என்ற கருத்தை வாய்மை அதிகாரத்துக்குள்ளேயே, 292ஆம் குறளில், வைத்த வள்ளுவர் அந்தக் கதவைத் தாண்டிப் போயிருப்பார்.

ஆனால் வள்ளுவர் போட்ட நிபந்தனை சிறியதல்ல. குற்றமில்லாத நன்மை என்று யார் சொல்வது? இதற்கு என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று மருத்துவரின் அறைக்கு வெளியே நாங்கள் மூன்று பிள்ளைகளும் அம்மாவும் நின்றுகொண்டே முடிவு செய்தோம். அவரிடம் சொல்ல வேண்டாம், மனசு உடைந்துவிடுவார். வயிற்றுப்புண் என்றோம். மருத்துவரும் தலையாட்டினார். இந்த அவையில் பாதிப் பேர் வீட்டில் இது நடந்திருக்கும். காண்ட்டை இருபது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். என் வாயும் ‘புண் ஆறிக்கொண்டு வருகிறது’ என்றுதான் சொன்னது. அப்பா எட்டு மாதம் இருந்தார். அவருக்கும் ஊரிலிருந்த அவர் அக்காவுக்கும் ஒரு வயல் வரப்பு விஷயத்தில் பேச்சு நின்று பதினோரு ஆண்டுகள். ‘உடம்பு கொஞ்சம் தேறட்டும், பொங்கலுக்கு ஊருக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வரணும்’ என்று அடிக்கடி சொல்வார். போகலாம் அப்பா என்போம். கார்த்திகையில் போய்விட்டார். அவர் பயந்துவிடுவாரே என்பதைக் கணக்கில் எடுத்தோம். தெரிந்திருந்தால் மிச்ச நாளை வைத்து என்ன செய்திருப்பார் என்பதை எடுக்கவில்லை. அது அவருக்கு மட்டும் தெரிந்த எண். அவரைக் கேட்டால் அல்லவா கிடைக்கும்.

இப்போது மீண்டும் ஒரு படகு. இது சட்டப் புத்தகத்தின் கற்பனை அல்ல. 1884 மே 19 அன்று ‘மிக்னொனெட்’ என்ற பாய்மரக் கப்பல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. அதில் நான்கு பேர். தலைவர் டாம் டட்லி, அவருக்கு அடுத்தவர் எட்வின் ஸ்டீஃபன்ஸ், மாலுமி எட்மண்ட் புரூக்ஸ், எடுபிடி வேலைக்கு ரிச்சர்ட் பார்க்கர் என்ற 17 வயதுப் பையன், தாய் தகப்பன் இல்லாதவன். ஜூலை 5 அன்று தென் அட்லாண்டிக் கடலில், நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆயிரத்தைந்நூறு மைலுக்கும் அப்பால், ஓர் அலை கப்பலைப் பிளந்தது. பதின்மூன்றடிப் படகில் நால்வரும் தாவினார்கள். கையில் டர்னிப் கிழங்கு டப்பா இரண்டு. குடிநீர் சொட்டு இல்லை. நான்காம் நாள் ஓர் ஆமை சிக்கியது. அதுவும் தீர்ந்தது. மழை பெய்தால் பிடித்துக் குடித்தார்கள். பையன் தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்துச் சுருண்டுவிட்டான்.

சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்போம் என்று டட்லி சொன்னார். புரூக்ஸ் ஒப்பவில்லை. குலுக்கல் நடக்கவே இல்லை. நமக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், இவனுக்கு யாரும் இல்லை, எப்படியும் சாகப் போகிறவன் என்று பேச்சு போனது. இருபதாம் நாள் டட்லி ஒரு வழிபாட்டைச் சொல்லிவிட்டு, பேனாக்கத்தியால் பையனின் கழுத்தை அறுத்தார். ஸ்டீஃபன்ஸ் உடன்பட்டு நின்றார். புரூக்ஸ் ஒதுங்கி நின்றார். பிறகு மூவரும் தின்றார்கள். அதிலிருந்து நான்காம் நாள், ஜூலை 29 அன்று, ‘மொக்டெசுமா’ என்ற ஜெர்மானியக் கப்பல் அவர்களைத் தூக்கியது.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, ஃபால்மவுத் துறைமுகத்தில் இறங்கியதும் டட்லி எல்லாவற்றையும் தானே அதிகாரிகளிடம் சொன்னதுதான். மறைக்கவில்லை. கடல் வழக்கத்தில் இது உள்ளதுதான், தன்மேல் குற்றமில்லை என்று உண்மையிலேயே நம்பினார். துறைமுக மக்களும் அவர் பக்கம். இறந்த பையனின் அண்ணனே வந்து டட்லியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பெந்தத்தின் கணக்குப்படி பாருங்கள்: மூன்று உயிர், அவர்களை நம்பிய குடும்பங்கள் ஒரு பக்கம், நாளைக்கோ மறுநாளோ போகவிருந்த ஓர் அநாதை மறுபக்கம். தராசு ஆடக்கூட இல்லை.

டிசம்பர் 9 அன்று தலைமை நீதிபதி கோலரிட்ஜ் பிரபு அது கொலைதான் என்று தீர்ப்பளித்தார். இந்த நிர்ப்பந்தத்துக்கு நீதிபதி யார், உயிர்களின் மதிப்பை எந்தப் படியால் அளப்பது என்று அவர் கேட்டார். அளந்தவர்களே ஆதாயம் அடைந்தவர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டது மிகவும் பலவீனமான, எதிர்க்கத் திராணியற்ற, வயதில் குறைந்த உயிர். கப்பல் தலைவனுக்குத் தன் ஆட்களுக்காகச் சாக வேண்டிய கடமை இருக்கிறதே தவிர, அவர்களைக் கொன்று பிழைக்கும் உரிமை இல்லை என்றார். நான் அவரை மதிப்பது இதற்கு அடுத்து அவர் ஒப்புக்கொண்டதற்காக: நம்மாலேயே எட்ட முடியாத அளவுகோலை நாம் பிறருக்கு வைக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அரசு அதை ஆறு மாதச் சிறையாகக் குறைத்தது. அதாவது சட்டம் கடமையின் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, விளைவின் பக்கம் திரும்பித் தண்டனையைக் குறைத்தது. இதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. மனிதர்கள் நடத்தும் நீதிமன்றம் இதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது என்பது என் கருத்து.

நம் 81ஆம் பிரிவு டட்லியைக் காப்பாற்றியிருக்குமா? காப்பாற்றியிருக்காது என்றே நினைக்கிறேன். நீராவிக் கப்பலின் தலைவனுக்கு அந்த இருவரின் சாவு தேவையில்லை. அவர்கள் நீந்திக் கரையேறினால் அவனைவிட மகிழ்பவர் யாரும் இல்லை. டட்லிக்கோ அந்தப் பையன் செத்தே ஆக வேண்டும். அவன் உடல்தான் உணவு. என் வகுப்பில் கை இறங்கியதற்கும் காரணம் இதுதான்: மருத்துவமனை இளைஞன் தப்பி ஓடிவிட்டால் திட்டமே கெட்டுவிடும். அதே சட்டத்தின் 94ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உடனடிச் சாவு என்று மிரட்டப்பட்டு ஒருவன் செய்யும் பெரும்பாலான குற்றங்களை அது மன்னித்தது. கொலையை மன்னிக்கவில்லை. தன் உயிரே போவதானாலும் பிறர் உயிரைப் பறிக்கும் செயலில் இறங்காதே என்ற 327ஆம் குறளின் கருத்து, அந்தச் சட்ட வரைவாளர்களின் கையிலும் வந்து நின்றிருக்கிறது. பொய் விஷயத்தில் விளைவைப் பார்த்த வள்ளுவர் கொலை விஷயத்தில் பார்க்கவில்லை. முரண் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பக்குவம் என்பேன்.

படகில் நால்வர் என்பதால் முகம் தெரிகிறது. ஆட்சி என்று வந்துவிட்டால் முகம் மறைந்து எண் மட்டும் மிஞ்சும். 1876இல் மழை பொய்த்துச் சென்னை மாகாணம் பஞ்சத்தில் விழுந்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிளைச் செலவைக் கட்டுப்படுத்த இங்கே அனுப்பினார். இந்த டெம்பிளின் முன்கதை முக்கியம். 1874இல் பிகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்துத் தாராளமாக வழங்கியவர் இவர்தான். சாவு அங்கே மிகவும் குறைவு. அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற வசை. இந்த முறை அந்தப் பெயரைக் கழுவ வந்தார். நிவாரண வேலையில் மண் வெட்டுகிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், நம் கணக்கில் சுமார் 450 கிராம், கூடவே சிறு காசு என்று கூலியைக் குறைத்தார். தாராளம் காட்டினால் மக்கள் சோம்பேறிகளாவார்கள், கஜானா காலியாகும், அடுத்த பஞ்சத்தில் இன்னும் பலர் சாவார்கள் என்று அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. எல்லாமே விளைவுக் கணக்கு. டெம்பிள் பெந்தத்தைப் படித்துவிட்டு வெட்டினார் என்று நான் சொல்லவில்லை. கஜானாவின் குரலும் கணக்கின் மொழியில்தான் பேசும் என்கிறேன்.

அவரை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அவர் கருணையைப் பேசவில்லை. உழைக்கும் உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்று பேசினார்: குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம், அதற்கு மேல் பருப்பும் காய்கறியும். முகாம்களில் மக்கள் இளைத்து விழுவதைச் சான்றாக வைத்து வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. பம்பாய் மாகாணத்தில் இன்னொன்று நடந்தது. அந்தக் கூலிக்கு வேலை செய்ய மாட்டோம் என்று ஆயிரக்கணக்கான பஞ்சத் தொழிலாளர்கள் முகாமை விட்டே வெளியேறினார்கள். பட்டினியில் கிடப்பவன் வேலைநிறுத்தம் செய்வான் என்பது எந்த அதிகாரியின் கணக்கிலும் இல்லை.

கடமைத் தரப்பினர் கார்னிஷிடம் கற்க வேண்டியது இருக்கிறது. பசித்தவனுக்குச் சோறிடுவது கடமை என்று டெம்பிளும் மறுத்திருக்க மாட்டார். எத்தனை கிராம் என்ற இடத்தில்தான் உயிர் போனது. கிராம் தெரியாத கடமை வெறும் பேச்சு. சென்னைக்காரர்கள் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் பக்கிங்காம் கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு வழக்கு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு ஜெர்மனி ஒரு விமானப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பயணிகள் விமானம் கடத்தப்பட்டு ஆயுதமாகத் திருப்பப்பட்டால் அதைச் சுட்டு வீழ்த்த அச்சட்டம் அனுமதித்தது. 2006 பிப்ரவரி 15 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. மனித மாண்பு மீறப்பட முடியாதது என்பது அவர்கள் சாசனத்தின் முதல் உறுப்பு. குற்றமற்ற பயணிகளைப் பிறரைக் காக்கும் பொருளாக அரசு கையாள்வது அதற்கு முரண் என்றது நீதிமன்றம். வானத்தில் என்ன நடக்கிறது என்பது தரையிலிருப்பவருக்கு உறுதியாகத் தெரிவதும் அரிது என்றது. இன்னொரு வாதமும் வந்தது: விமானம் ஏறுகிறவர் இப்படி ஓர் ஆபத்து இருப்பதை அறிந்துதான் ஏறுகிறார், ஆகவே சுட்டு வீழ்த்தப்படச் சம்மதித்தவர் ஆகிறார். வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாத கட்டுக்கதை என்று நீதிபதிகள் அதைத் தள்ளினார்கள்.

ஃபெர்டினாண்ட் ஃபான் ஷீராக் என்ற வழக்கறிஞர் இதை 2015இல் நாடகமாக்கினார். 164 பேர் இருக்கும் விமானம், 70,000 பேர் இருக்கும் விளையாட்டரங்கம், மேலிடத்து உத்தரவை மீறிச் சுட்ட ஒரு விமானி. பார்வையாளர்களே வாக்களித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அது ஜெர்மன் தொலைக்காட்சியில் வந்தபோது வாக்களித்தவர்களில் 100க்கு 85க்கும் மேற்பட்டோர் விமானியை விடுவித்தார்கள். நீதிமன்றம் ஒன்று சொல்ல, மக்கள் வேறொன்று சொன்னார்கள். நானாக இருந்தாலும் அந்த ஒரு விமானியை விடுவிக்கவே வாக்களித்திருப்பேன். அப்படிச் சுடலாம் என்று முன்கூட்டியே ஒரு சட்டம் எழுதிவைப்பதற்கு வாக்களிக்க மாட்டேன். நெருக்கடியில் ஒருவன் செய்துவிட்டு வந்து அதற்குப் பதில் சொல்ல நிற்பது வேறு. அரசு அமைதியாக உட்கார்ந்து, இன்ன எண்ணிக்கைக்கு மேல் போனால் இன்னாரைக் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதுவது வேறு. வினைத்தூய்மை என்ற அதிகாரத்தை வள்ளுவர் துறவிக்கு வைக்கவில்லை, அமைச்சரைப் பற்றிய அதிகாரங்களின் வரிசையில் வைத்தார். பெற்றவள் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று நாட்டுக் கணக்கைப் பார்க்கிறவனிடம் சொல்லப்பட்டிருக்கிறது.

விதிக்கப்பட்ட நேரம் முடிந்துவிட்டதாக அவைத்தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சட்ட மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். 19ஆம் பிரிவை வகுப்பில் நடத்தும்போது இருபது, முப்பது, இரண்டு என்ற எண்களைப் படித்துவிட்டு ஆசிரியர் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார். அவரை நிறுத்துங்கள். அந்த இருவர் தப்பக்கூடும் என்று அந்த எடுத்துக்காட்டுக்குள்ளேயே ஒரு துண்டு இருக்கிறது. அதை மீண்டும் ஒருமுறை, உரக்க, படிக்கச் சொல்லுங்கள்.